பிசியில் சரி, போர்டில் தப்பு: டிஎஸ்பி சிப்பில் பிளாக் சைஃபர், அறிகுறி வாரியாக

கோவை கணபதியில் ஒரு லேத் பட்டறையின் மாடியில் உட்கார்ந்து பம்ப் டிரைவுகளுக்கு புரோகிராம் எழுதுவது என் பிழைப்பு. டிரைவுக்குள் இருப்பது டிஎஸ்பி, அதாவது டிஜிட்டல் சிக்னல் பிராசசர். மோட்டாரின் கரண்டை அளந்து, கணக்குப் போட்டு, விநாடிக்குப் பத்தாயிரம் தடவை பல்ஸ் அகலத்தைத் திருத்திக்கொண்டே இருக்கும். அந்தச் சிப்பின் தலையில் பூட்டுச் சாவி வேலையையும் கட்டவேண்டி வந்தது எப்படி என்றால், ஒரு நாள் காலையில் அன்னூர்ப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து போன்.

"ஏனுங் தம்பி, ராத்திரி ரெண்டு மணிக்கு மோட்டாரு தானா ஓடிட்டு நிக்குதுங்க. பட்டனை யாரும் தொடலீங்க."

போய்ப் பார்த்தால் பேயும் இல்லை பிசாசும் இல்லை. இரண்டு தோட்டம் தள்ளி நாங்களே விற்ற இன்னொரு ரேடியோ பெட்டி, இரண்டுக்கும் ஒரே ஐடி எண், கட்டளை காற்றில் திறந்தபடி போகிறது. தப்பு முழுக்க எங்களுடையது. தண்ணீர் இறங்கிப்போன போர்வெல்லில் மோட்டார் வெறுமனே ஓடினால் காயில், அதாவது உள்ளே இருக்கும் கம்பிச் சுருள், கருகும், அப்புறம் அத்தனை ஆழத்திலிருந்து பைப்பை உருவி ஏற்றி இறக்கும் செலவு யார் தலையில் விழும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அதனால் கட்டளையை என்கிரிப்ட் செய்து, அதாவது சாவி இல்லாதவன் படிக்க முடியாதபடி பூட்டி, அனுப்புவது என்று முடிவானது. தோட்டத்துக்குப் போனது எக்ஸ்டீ. கேம்பிரிட்ஜில் டேவிட் வீலரும் ரோஜர் நீதமும் 1994-இல் டீ என்ற பெயரில் ஒரு குட்டி சைஃபர், அதாவது பூட்டும் கணக்குமுறை, வெளியிட்டார்கள், அதில் ஓட்டை தெரிந்ததும் 1997-இல் திருத்தியதுதான் இது. 64 பிட் பிளாக் (ஒரு தடவைக்குப் பூட்டும் துண்டு), 128 பிட் கீ (சாவி), கூட்டல், ஷிஃப்ட் (பிட்டுகளைப் பக்கவாட்டில் தள்ளுவது), எக்ஸார் (இரண்டு பிட் வேறானால் 1, ஒன்றானால் 0), அவ்வளவுதான், பேக்கரியில் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் எழுதிவிடலாம். எழுதிவிடலாம் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன், மூன்று வாரம் ஆனது. கூடவே ஆசைக்கு ஒன்றும் வடிவமைத்தோம்: 16 பிட் பெருக்கலை வைத்து நாங்களே கட்டியது, நொய்யல் என்று பெயர். அதை எவர் மோட்டாருக்கும் போடவில்லை, போடவும் மாட்டேன். என்னால் உடைக்க முடியவில்லை என்றால் எனக்கு உடைக்கத் தெரியவில்லை என்றுதான் அர்த்தம். ஆனால் டிஎஸ்பியின் குணங்களை அது கற்றுக்கொடுத்த அளவுக்கு எக்ஸ்டீ கற்றுக்கொடுக்கவில்லை.

கீழே உங்கள் அறிகுறியைத் தேடி நேராக அங்கே போகலாம். ஆனால் அடுத்த பகுதியை மட்டும் தாண்டாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால்: ஒவ்வொரு சுற்றின் எண்ணையும் எழுதி வையுங்கள்

கடைசி விடையை மட்டும் வைத்துக்கொண்டு தப்பைத் தேடினால் பைத்தியம் பிடிக்கும். நல்ல சைஃபர் என்றாலே ஒரு பிட் தப்பினால் விடை முழுக்கக் கலைந்துவிடும், கலைந்த விடையைப் பார்த்து எந்த இடம் என்று சொல்ல முடியாது. ஆகவே பிசியில் ஒன்று, போர்டில் ஒன்று, இரண்டிலும் சுற்றுக்குச் சுற்று (சைஃபர் ஒரே கணக்கைத் திரும்பத் திரும்பச் செய்யும், அதில் ஒரு தடவை ஒரு சுற்று) பிளாக்கின் இடது பாதி, வலது பாதி, சுற்றுக்கு ஒருமுறை ஒரே எண்ணைக் கூட்டிக்கொண்டு போகும் சம் என்ற மூன்று எண்களை எடுங்கள். டீபக்கரின் வாட்ச் விண்டோவை அன்சைன்டு (மைனஸ் குறி இல்லாத) தசமத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள், இங்கே எல்லாம் தசமத்தில்தான் தருகிறேன்.

எக்ஸ்டீ, கீ முழுக்க பூஜ்யம், பூட்டப்படும் டெக்ஸ்டும் முழுக்க பூஜ்யம். முதல் சுற்று முடிந்ததும் இடது 0, வலது 2654435769, சம் அதே 2654435769. (இந்த எண் வானத்திலிருந்து விழவில்லை, 2-இன் 32-ஆம் அடுக்கை பொன் விகிதமான 1.618-ஆல் வகுத்தது.) இரண்டாம் சுற்றில் இடது பாதி 462087087 ஆகும், சம் 1013904242 ஆகும். 32 சுற்றும் முடிந்து வெளியே வரும் எட்டு பைட்: 222 233 212 216 247 19 30 217.

இந்த மூன்று நான்கு எண்கள் கையில் இருந்தால் பாதிக் கோளாறு அரை மணி நேரத்தில் பிடிபடும். நான் இவற்றை ஒரு நீளக் கணக்கு நோட்டில் எழுதி வைத்தேன். அந்த நோட்டுதான் பின்னால் எங்கள் சைஃபரின் ஆவணமாகவே ஆனது. ஒவ்வொரு கோளாறும் அதில் ஒரு வரி சேர்த்துவிட்டுத்தான் போனது.

அறிகுறி: முதல் பைட்டே தப்பு, அல்லது பக்கத்து வேரியபிள் தானாக மாறுகிறது

முதலில் கேட்க வேண்டியது: உங்கள் சிப்பில் ஒரு பைட் எத்தனை பிட்?

சிரிக்காதீர்கள். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் சி28எக்ஸ் வரிசையில் சி மொழியின் கேரக்டர் டைப் 16 பிட், பழைய சி54எக்ஸ்-இலும் அப்படித்தான். அதைவிடச் சின்னதாக மெமரியில் முகவரி கிடையாது. லாங் எத்தனை பைட் என்று கம்பைலரைக் கேட்டால் 2 என்று சொல்லும், அது பொய்யில்லை, அதன் பைட் பெரியது. அந்தக் கால வள்ளக் கணக்கு மாதிரி, பெயர் ஒன்று, அளவு வேறு. 8 பைட் காப்பி பண்ணு என்று எழுதினால் 16 எட்டு-பிட் அளவுக்கு அள்ளிக்கொண்டு வரும், பக்கத்தில் இருந்த வேரியபிள் போச்சு. எனக்கு மாறிப்போனது மோட்டாரின் வேக வரம்பு, நல்ல வேளை அன்று டெஸ்ட் பெஞ்சில்தான் இருந்தது.

இன்னொன்றும் உண்டு. சி28எக்ஸ் கம்பைலரின் ஹெடரில் 8 பிட் அன்சைன்டு டைப்பே இருக்காது, இருக்க முடியாது. வேறெங்கிருந்தோ எடுத்த கோடு அந்தக் காரணத்தால் கம்பைல் ஆகாது, உடனே நாம் புத்திசாலித்தனமாக "அந்தப் பெயர்தானே வேண்டும்" என்று நாமே ஒரு டைப்டெஃப் போட்டு வாயை அடைப்போம். கம்பைலர் அமைதியாகும், தப்பு உள்ளே போய் உட்காரும். ஏஇஎஸ் என்ற இன்னொரு பிளாக் சைஃபரைப் போட்டுப் பார்த்தபோது எனக்கு நடந்தது இது. அதில் ஒரு பைட்டை இரட்டிக்கும் இடம் உண்டு, மேலே வழிந்த பிட் தானாக விழுந்துவிடும் என்று நம்பி எழுதியிருப்பார்கள். 200-ஐ இரட்டித்தால் 139 வர வேண்டும், எனக்கு 395 வந்தது. வழிந்த 256 விழவில்லை, 16 பிட்டுக்குள் சுகமாக உட்கார்ந்திருந்தது. அப்புறம் அந்த 395-ஐ வைத்து 256 இடமுள்ள எஸ்-பாக்ஸ் அட்டவணையை (ஓர் எண்ணுக்குப் பதில் வேறு எண்ணைத் தருவது) படித்தால் அட்டவணைக்கு வெளியே என்ன இருக்கிறதோ அது வரும். தீர்வு: பைட் என்று நினைக்கும் ஒவ்வொரு இடத்திலும் 255-ஆல் மாஸ்க், அதாவது கீழ் 8 பிட்டை மட்டும் வைத்துக்கொள்வது, ஷிஃப்டுக்கு அப்புறமும் கூட்டலுக்கு அப்புறமும்.

இதே குடும்பத்தில் இன்னொரு பூச்சி: இன்ட் 16 பிட். 1-ஐ இருபது இடம் இடப்பக்கம் தள்ளு என்று வெறும் எண்ணை எழுதினால் அது 16 பிட்டுக்குள்ளேயே தள்ளப்படும், விடை என்ன என்று சொல்ல முடியாது. எண்ணோடு அன்சைன்டு லாங் என்ற குறியைச் சேர்த்தே எழுதுங்கள்.

நோட்டில் முதல் வரி: "இந்த ஆவணத்தில் பைட் என்றால் 8 பிட். சிப் என்ன சொன்னாலும் சரி."

அறிகுறி: எண்கள் எல்லாம் சரி, வரிசை மட்டும் நாலு நாலாகத் தலைகீழ்

போர்டில் 222 233 212 216 247 19 30 217. மொபைல் ஆப் எழுதிய தம்பி கோபியில் இருக்கிறான், அவன் பக்கம் 216 212 233 222 217 30 19 247. இரண்டு நாள் சண்டை. "அண்ணா, நான் எடுத்தது ஊரே பயன்படுத்தும் கோடு, உங்களதைப் பாருங்க" என்றான். நானும் என்னுடையது ஊரே பயன்படுத்தும் கோடு என்றேன். இருவர் சொன்னதும் நிஜம். ஜாவா உலகத்தின் பவுன்சி காஸில் லைப்ரரியில் எக்ஸ்டீ முதல் வரிசையைத் தரும், லினக்ஸ் கெர்னலில் உள்ள எக்ஸ்டீ இரண்டாவதைத் தரும். நாலு பைட்டை ஒரு 32 பிட் எண்ணாகச் சேர்க்கும்போது பெரிய பக்கம் முதலில் வருமா சின்னப் பக்கம் முதலில் வருமா, அது மட்டும்தான் வித்தியாசம். சைஃபர் ஒன்றேதான்.

இதில் கோடைத் திருத்துவதற்கு முன் ஆவணத்தைத் திருத்துங்கள். வடிவமைத்தவர்கள் எண்களாக யோசிப்பார்கள், கம்பியில் போவது பைட்டுகள், இரண்டுக்கும் நடுவில் ஒரு வரி விட்டுப்போகும். அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை 2013-இல் ஸ்பெக் சைஃபரை வெளியிட்டபோதுகூட மாதிரி விடைகள் சொற்களாகத்தான் அச்சாகியிருந்தன, பைட் வரிசையைப் பிறகு தனி வழிகாட்டியில் விளக்க வேண்டி வந்தது. சோவியத் ஒன்றியத்தின் 1989-ஆம் ஆண்டு கோஸ்ட் சைஃபர் இன்னும் ஒரு படி மேலே: எஸ்-பாக்ஸ் என்ன என்பதையே தரத்தில் எழுதவில்லை. ஆளுக்கொரு அட்டவணை, ஒருவர் பூட்டியதை இன்னொருவர் திறக்க முடியாது. 2015-இல் மாக்மா என்ற பெயரில் திரும்ப வந்தபோதுதான் அட்டவணையை நிலையாக அச்சிட்டார்கள்.

சொன்னால் மட்டும் போதாது, பைட்டிலும் எண்ணிலும் ஒரே விடையை இரண்டு விதமாக எழுதிக் காட்டுங்கள். எங்கள் நோட்டில் அப்படித்தான் இருக்கிறது.

அறிகுறி: பூஜ்ய கீயில் சரி, உண்மையான கீ போட்டால் தப்பு

பூஜ்ய கீ ஒரு ஏமாற்றுக்காரன். எக்ஸ்டீயில் கீ நாலு துண்டு, எந்தத் துண்டு எப்போது என்பதை சம்தான் தீர்மானிக்கும். சுற்றின் முதல் பாதியில் சம்மின் கடைசி இரண்டு பிட், பின் பாதியில் அதை 11 இடம் வலப்பக்கம் தள்ளிய பிறகு உள்ள இரண்டு பிட். அந்த 11-ஐ நீங்கள் மறந்தாலும், துண்டுகளைத் தலைகீழாக அடுக்கினாலும், நாலும் பூஜ்யம் என்றால் எதுவும் வெளியே தெரியாது. 1, 2, 3, 4 என்று நாலு வேறு துண்டுகளோடு இன்னொரு சோதனை வையுங்கள், எந்தச் சுற்றில் எந்தத் துண்டு எடுக்கப்பட்டது என்பதையும் பதிவு செய்யுங்கள்.

அடைப்புக்குறிகளையும் எண்ணிப் பாருங்கள். லினக்ஸ் கெர்னலில் எக்ஸ்டீயை முதலில் எழுதியபோதே கணக்கின் முன்னுரிமை பிசகிப்போய், வேறொரு சைஃபர் பிறந்துவிட்டது. அதை நம்பிப் பூட்டியவர்கள் இருப்பார்களே என்று எக்ஸீட்டா என்ற பெயரில் அந்தத் தப்பையும் தனியாக வைத்திருந்தார்கள். உங்கள் தப்பையும் நாளைக்கு யாராவது பூசை பண்ணவேண்டி வரும், இன்றைக்கே பிடியுங்கள்.

அறிகுறி: முதல் சுற்று சரி, இரண்டாவதில் இடது பாதி கோணல்

வாட்ச் விண்டோவில் 462087087-க்குப் பதில் 596304815 நிற்கிறதா? இரண்டையும் கழித்துப் பாருங்கள்: 134217728. அது 2-இன் 27-ஆம் அடுக்கு, சுத்தமாக. கழித்தால் இப்படி உருண்டையான எண் வந்தாலே சந்தோஷப்படுங்கள், கோளாறு ஒரே இடத்தில்தான் இருக்கிறது.

நடப்பது இது. எக்ஸ்டீயில் ஒரு பாதியை 5 இடம் வலப்பக்கம் தள்ளுவோம், காலியாகும் மேல் 5 பிட்டில் பூஜ்யம் நிரம்ப வேண்டும். ஆனால் டிஎஸ்பி பிறந்ததே சிக்னலுக்கு. சிக்னல் என்றால் மைனஸும் உண்டு. மைனஸ் எண்ணை வலப்பக்கம் தள்ளினால் குறி மாறாமல் இருக்க மேலே 1-களை நிரப்பும், அதுதான் அதன் இயல்பு. 2654435769 என்பதன் மேல் பிட் 1, சைன்டு கண்ணால் பார்த்தால் அது மைனஸ் எண், ஐந்து 1-கள் வந்து விழும். முதல் சுற்றில் தெரியாததற்குக் காரணம், அப்போது தள்ளியது வெறும் பூஜ்யத்தை.

சி-யில் எழுதியிருந்தால் எங்கேயோ ஒரு அன்சைன்டு விட்டுப்போயிருக்கிறது. அசெம்பிளியில் எழுதியிருந்தால் எஸ்எக்ஸ்எம் என்ற குறி விரிவு பிட்டைப் பாருங்கள், ஏசிசி ரெஜிஸ்டரைத் தள்ளுவதற்கு முன் அதை அணைத்திருக்க வேண்டும். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. பாஸ்வேர்டு ஹேஷுக்கு உலகமே நம்பியிருந்த கிரிப்ட்-புளோஃபிஷ் நிரலில் இதே வகைக் குறி விரிவுக் கோளாறு பல வருடம் இருந்து 2011-இல்தான் வெளியே வந்தது. ஆங்கில எழுத்துக்கு ஒன்றும் ஆகாது, 8-ஆம் பிட் எரியும் எழுத்து பாஸ்வேர்டில் இருந்தால் மட்டும் கெடும். தமிழில் பாஸ்வேர்டு வைத்தவர் யாராவது இருந்திருந்தால் முதலில் மாட்டியிருப்பார்.

அறிகுறி: சம் சொன்னபடி வரவில்லை

இரண்டாம் சுற்றின் சம்மை மட்டும் பாருங்கள், அதுவே நாடி பிடித்துச் சொல்லிவிடும்.

1013904242 என்றால் நலம்.

5308871538 என்றால் உங்கள் லாங் 32 பிட் அல்ல. சி6000 சிப்புகளில் பழைய கோஃப் வடிவத்தில் கம்பைல் செய்தால் லாங் 40 பிட், புதிய இஏபிஐ வடிவத்தில் 32. அதே கோடு, அதே சிப், பில்ட் அமைப்பை மாற்றியதும் உடைந்தது என்றால் இதுதான். கூட்டும்போது வழிந்தது தொலைந்துபோக வேண்டும், இங்கே மேலே 8 பிட்டில் தங்கிவிடும், அடுத்த வலது ஷிஃப்டில் கீழே இறங்கி வந்து கலக்கும். அந்த கம்பைலரில் இன்ட் 32 பிட்தான், அதைப் பயன்படுத்துங்கள்.

2147483648 என்றால், அல்லது சைன்டு பார்வையில் அதன் மைனஸ் என்றால், சாச்சுரேஷன். இது டிஎஸ்பிக்கே உரிய வியாதி, பிசியிலிருந்து வருபவர்கள் கனவிலும் நினைக்க மாட்டார்கள். ஆடியோவோ மோட்டார் கரண்டோ எல்லையைத் தாண்டினால் சுற்றி வந்து எதிர்ப்பக்கம் போய்விடக் கூடாது, எல்லையிலேயே முட்டி நிற்க வேண்டும், அதற்காக ஓவிஎம் என்று ஒரு பிட் வைத்திருக்கிறார்கள். கட்டுப்பாட்டுக் கணக்குக்கு அது உயிர் காக்கும். சைஃபருக்கு விஷம், ஏனென்றால் சைஃபரின் கூட்டல் சுற்றி வந்தே ஆகவேண்டும். சி கம்பைலர் அந்த பிட் அணைந்திருக்கிறது என்று நம்பிக்கொண்டுதான் கோடு எழுதுகிறது. எங்களிடம் பழைய அசெம்பிளி ஃபில்டர் ஒன்று அதை எரியவிட்டுவிட்டு அணைக்காமல் திரும்பி வந்தது. ஃபில்டர் ஓடுவதற்கு முன் என்கிரிப்ட் செய்தால் சரி, பின் செய்தால் தப்பு. ஃபில்டர் எழுதியவரைத் திட்டலாம் என்று ஃபைலைத் திறந்தால் மேலே என் பெயர்.

அறிகுறி: பெருக்கல் உள்ள சைஃபரில் விடை ஒட்டவில்லை

டிஎஸ்பியில் ஒரே சைக்கிளில் பெருக்கல் கிடைக்கும்போது அதைப் பயன்படுத்தாமல் விட மனசு வராது, நொய்யலும் அப்படிப் பிறந்ததுதான். இந்த வழியில் முன்னோடி 1991-இல் லாய், மாஸி இருவரும் தந்த ஐடியா சைஃபர்: 16 பிட் எண்களைப் பெருக்கி 65537-ஆல் வகுத்த மீதியை எடுக்கும், பூஜ்யம் என்று எழுதியிருந்தால் 65536 என்று பொருள். சோதனைக்கு ஒரே ஒரு பெருக்கல் போதும்: 65535-ஐ 65535-ஆல். விடை 4 வர வேண்டும்.

1 வந்தால் சைன்டு பெருக்கல் நடந்திருக்கிறது, சிப் அவற்றை மைனஸ் 1 என்று படித்துவிட்டது. 2 வந்தால் அதோடு பின்ன முறையும் எரிகிறது: டிஎஸ்பியில் எண்களைப் பின்னமாகக் கருதிப் பெருக்கும்போது விடையை ஒரு இடம் இடப்பக்கம் தள்ளிக்கொள்ளும் வழக்கம் உண்டு, சி54எக்ஸ்-இல் எஃப்ஆர்சிடி பிட், சி28எக்ஸ்-இல் பிஎம் என்ற அமைப்பு. 7 வந்தால் பெருக்கல் அன்சைன்டுதான், ஆனால் இரட்டித்ததில் மேல் பிட் வழிந்து போயிருக்கிறது. 4 வந்தும் எப்போதாவது தப்பினால் பூஜ்யத்தைப் பாருங்கள்: பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் பெருக்கினால் ஐடியாவில் 1, 2-ஐ 32768-ஆல் பெருக்கினால் 0.

அறிகுறி: எல்லாம் ஓடுகிறது, ஆனால் ஒரு பிட்டை மாற்றினால் கொஞ்சம்தான் மாறுகிறது

இது கோடின் தப்பு அல்ல, வடிவத்தின் தப்பு. சொந்தமாக வடிவமைப்பவர்களுக்கு மட்டும். உள்ளே ஒரு பிட்டைத் திருப்பினால் வெளியே 64-இல் சுமார் 32 பிட் திரும்ப வேண்டும், ஒவ்வொரு பிட்டாக, ஆயிரக்கணக்கான டெக்ஸ்டுகளில் எண்ணிப் பாருங்கள். நொய்யலின் முதல் வடிவத்தில் 16 பிட் சொல்லை ஒற்றைப்படை எண்ணால் பெருக்கி, விடையின் கீழ் 16 பிட்டை மட்டும் எடுத்தோம். மேல் பிட்டைத் திருப்பினால் மேல் பிட் மட்டுமே திரும்பியது, பதினைந்து பிட் அசையவே இல்லை. யோசித்தால் புரியும்: பெருக்கலில் கேரி, அதாவது மீந்து அடுத்த இடத்துக்குப் போகும் எண், மேல்நோக்கித்தான் ஓடும், தண்ணீர் பள்ளத்துக்கு ஓடுவதற்கு நேரெதிர். கீழே இருப்பது மேலே கலக்கும், மேலே இருப்பது கீழே வராது.

டிஎஸ்பியில் பெருக்கினால் 32 பிட் விடை முழுதாகக் கிடைக்கிறதே, மேல் பாதியை ஏன் வீசுகிறோம்? இரண்டு பாதியையும் எக்ஸார் செய்து சேர்த்தோம், அப்புறம் சுற்றுக்கு ஒரு ரொட்டேட்டும் சேர்த்தோம். 1998-இன் ஆர்சி6 சைஃபரும் பெருக்கலின் மேல் ஐந்து பிட்டை எடுத்துத்தான் எவ்வளவு சுழற்றுவது என்று தீர்மானிக்கிறது, காரணம் இதேதான். மாற்றிய பிறகு எண்ணிக்கை 32-ஐ ஒட்டி வந்தது. அதனால் நொய்யல் பாதுகாப்பானது என்று நான் சொல்லவில்லை, இந்த ஒரு சோதனையில் தேறியது, அவ்வளவுதான்.

அறிகுறி: மேசையில் சரி, மோட்டார் ஓடும்போது எப்போதாவது தப்பு. அல்லது: தப்பு போனது, மோட்டார் முனகுகிறது

இரண்டையும் ஒன்றாகச் சொல்லக் காரணம் உண்டு, முதலாவதுக்கு நான் போட்ட மருந்துதான் இரண்டாவது வியாதி.

சைஃபரின் வேலை அரேயை ஸ்டாட்டிக்காக, எல்லா அழைப்புக்கும் ஒரே இடமாக, வைத்திருந்தேன், ஸ்டாக்கை மிச்சம் பிடிக்க. மெயின் லூப்பிலும் அதே ஃபங்ஷன், ரேடியோ இன்டரப்டிலும் (நடக்கும் வேலையை இடையில் நிறுத்தி உள்ளே புகும் கோடு) அதே ஃபங்ஷன். ஒன்று பாதியில் இருக்கும்போது இன்னொன்று உள்ளே புகுந்தால் ஒரே தட்டில் இரண்டு பேர் சாப்பிட்ட கதை. ஆயிரத்தில் ஒரு பாக்கெட் கெடும், பிரேக்பாயின்ட் வைத்தால் கெடாது. பிடிக்க முடியாமல் கடுப்பாகி, சைஃபர் ஓடும்போது எல்லா இன்டரப்டையும் அணைத்துவிட்டேன். தப்பு நின்றது. நானும் நிம்மதியாகச் சாப்பிடப் போனேன்.

திரும்பி வந்தால் முதலாளி அண்ணன் டெஸ்ட் பெஞ்ச் பக்கத்தில் காதைச் சாய்த்து நிற்கிறார். அவருக்கு கோடு தெரியாது, முப்பது வருடமாக மோட்டார் சத்தம் தெரியும். "தம்பி, நீ கட்டளை அனுப்பறப்பெல்லாம் மோட்டாரு ஒரு மூச்சு விட்டு எடுக்குது பாரு" என்றார். ஸ்கோப்பை வைத்தால் அவர் சொன்னதுதான். 60 மெகாஹெர்ட்ஸ் சிப், கரண்ட் கணக்கு 100 மைக்ரோவிநாடிக்கு ஒருமுறை, ஆக ஒரு தவணைக்கு 6000 சைக்கிள். அந்தத் தவணை முழுவதும் சைஃபருக்குச் சொந்தமில்லை, மோட்டார் கணக்கே பெரும்பங்கு தின்றுவிடும். ஃபிளாஷ் மெமரியிலிருந்து நேராக ஓடும் கோடுக்குக் காத்திருப்புச் சைக்கிள் வேறு. இரண்டு பிளாக் சேர்த்துப் போட்டதும் ஒரு தவணை தவறிப்போனது, மோட்டார் மூச்சு வாங்கியது.

சரியான வைத்தியம்: வேலை அரேயை அழைப்பவரே கொடுக்கட்டும், இன்டரப்டில் பாக்கெட்டை வரிசையில் வைப்பதோடு சரி, திறப்பது மெயின் லூப்பில் மட்டும். நாங்கள் லூப்பின் ஒரு திருப்பத்துக்கு நாலு சுற்று என்று பிரித்தோம், எட்டுத் திருப்பத்தில் பிளாக் முடியும், விவசாயிக்கு அந்தத் தாமதம் தெரியவே தெரியாது. கோடை ஃபிளாஷிலிருந்து ராம் மெமரிக்கு மாற்றினால் காத்திருப்பும் போகும். இன்டரப்டை நீங்கள் அணைக்காமலே தாமதம் தெரிந்தால், சி28எக்ஸ்-இல் ரிப்பீட் கட்டளை நடுவில் இன்டரப்ட் புகாது என்பதை நினைவில் வையுங்கள், அதை வைத்துப் பெரிய மெமரி காப்பி எங்காவது நடக்கிறதா பாருங்கள்.

அறிகுறி: என்கிரிப்ட் சரி, டிகிரிப்ட் குப்பை

சம் எங்கிருந்து இறங்குகிறது என்று பாருங்கள். 32 சுற்றுக்கு 3337565984-இல் தொடங்க வேண்டும், வலது பாதி முதலில், இடது பிறகு. வேறு பெரிய விஷயம் இதில் இல்லை.

அறிகுறி: எல்லா விடையும் சரி, ஆனாலும் மோட்டாரை வேறு யாரோ ஓட்டுகிறார்கள்

சைஃபர் தேறிவிட்டது, நீங்கள் தேறவில்லை. "ஓடு" என்பது எப்போதும் ஒரே எட்டு பைட்டாகப் பூட்டப்பட்டு வந்தால், அதைத் திறக்கத் தெரியாதவனும் பதிவு செய்து ராத்திரி ரெண்டு மணிக்குத் திரும்ப அனுப்பலாம். சரி, கவுன்ட்டர் முறையில், அதாவது ஏறிக்கொண்டே போகும் எண்ணைப் பூட்டி வந்த விடையோடு கட்டளையை, எக்ஸார் செய்வோம் என்றால் அதில் இன்னொரு பள்ளம்: காற்றில் போகும் ஒரு பிட்டை ஒருவன் திருப்பினால் உள்ளே அதே பிட் திரும்பும், "நிறுத்து" என்பது "ஓடு" ஆகிவிடும்.

எங்கள் கட்டளை சின்னது, ஒரே பிளாக்குக்குள் அடங்கும். 24 பிட் பெட்டி எண், 8 பிட் கட்டளை, 32 பிட் கவுன்ட்டர், மூன்றையும் சேர்த்து ஒரே பிளாக்காகப் பூட்டுகிறோம், பெட்டிக்குப் பெட்டி வேறு கீ. திறந்ததும் பெட்டி எண் ஒத்து வரவில்லை என்றால் குப்பை, கவுன்ட்டர் முன்பு பார்த்ததைவிடப் பெரிதாக இல்லை என்றால் பழையது. செய்தி ஒரு பிளாக்கைத் தாண்டினால் இந்தச் சிக்கனம் செல்லாது, சிமேக் மாதிரி தனி முத்திரை வேண்டும். அளவு அதிகமானால் 64 பிட் பிளாக்கையே விட்டுவிடுங்கள்: ஒரே கீயில் 32 ஜிபி அளவை நெருங்கும்போது பிளாக்குகள் மோதத் தொடங்கும், 2016-இல் ஸ்வீட்32 என்ற பெயரில் பார்கவன், லெயூரான் இருவரும் அதைச் செய்தே காட்டினார்கள். பம்ப் கட்டளை அந்த அளவைத் தொட நூற்றாண்டுகள் ஆகும்.

கவுன்ட்டரில் கடைசியாக ஒரு பள்ளம், நான் விழுந்தது. கரண்ட் போய் வந்தால் கவுன்ட்டர் பூஜ்யத்துக்குப் போகக் கூடாது. நம் பக்கம் த்ரீ ஃபேஸ் வந்து போகும் அழகுக்கு ஒரு நாளில் எத்தனை முறை அது நடக்கும் என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கட்டளைக்கும் ஈப்ராமில் (கரண்ட் போனாலும் அழியாத மெமரி) எழுதினால் அது தேய்ந்துபோகும். அதனால் அனுப்பும் பெட்டி 64 கட்டளைக்கு ஒருமுறை எழுதுகிறது, கரண்ட் வந்ததும் எழுதி வைத்ததிலிருந்து 64 தாண்டித் தொடங்குகிறது, புது எண்ணை எழுதி முடித்த பிறகுதான் முதல் கட்டளையே வெளியே போகும். வாங்கும் பெட்டியோ, ஏற்ற கவுன்ட்டரை ஒவ்வொரு முறையும் எழுதுகிறது, ஈப்ராமில் 32 இடங்களில் சுற்றிச் சுற்றி. அன்னூர் அண்ணனுக்கு இதையெல்லாம் விளக்கியபோது பொறுமையாகக் கேட்டார், கேட்டுவிட்டு, "அப்ப பக்கத்துத் தோட்டத்துப் பெட்டிக்கும் இதையே போட்டுட்டீங்ளா?" என்றார். போடவில்லை. அன்று சாயங்காலமே போய்ப் போட்டேன்.